இதற்கு இனிமேல் பார்ட்ஸ் வராது

ஜனவரி 7, செவ்வாய்

இன்று கவுன்டரில் ஒரு பெண் என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். ஃபிரிட்ஜ் வாங்கி ஆறு வருஷம்தான் ஆகிறதாம், உள்ளே போர்டு போய்விட்டது. "அந்த மாடலை நிறுத்திட்டாங்க, இதுக்கு இனிமே பார்ட்ஸ் வராது" என்று என் வழக்கமான பாட்டைப் பாடினேன். "எங்கம்மா வாங்கின ஃபிரிட்ஜ் எனக்குக் கல்யாணம் ஆகுற வரைக்கும் ஓடுச்சு. இது என் பையன் ரெண்டாங்கிளாஸ் போறதுக்குள்ள செத்துடுச்சு. நல்லா பண்றீங்க வியாபாரம்" என்றாள். அவள் சொல்வதில் என்ன தப்பு? ஆனால் சர்வீஸ் கவுன்டரில் உட்கார்ந்துகொண்டு அதை ஒத்துக்கொள்ள முடியுமா? "நானா செய்றேன், விக்கிற இடத்துல உக்காந்திருக்கேன்" என்று சிரித்து வைத்தேன்.

அவள் திட்டிக்கொண்டிருக்கும்போதே சத்தம் நின்றுவிட்டது. வாய் மட்டும் அசைகிறது. அப்பாடா என்றுகூட இருந்தது. அதற்கப்புறம்தான் பயம் வந்தது. காதின் மேலிருக்கும் மிஷினை, எங்கள் வீட்டுப் பேச்சில் வண்டை, கழற்றித் துடைத்து மாட்டினேன், வந்துவிட்டது. போன மாதமும் இப்படி ஆனது. இனி தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும், ஆஸ்பத்திரியில் கேட்பார்கள்.

ஜனவரி 12, ஞாயிறு

மறுபடியும் நின்றது. இந்த முறை தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தபோது.

வண்டு என்று பேர் வைத்தது இவர். கல்யாணமான இரண்டாம் வருஷம் மூளைக்காய்ச்சலில் படுத்துப் பிழைத்து எழுந்தபோது எனக்கு இரண்டு காதும் போயிருந்தன. தலைக்குள் ஒரு கம்பியை வைத்துத் தைத்தார்கள். வெளியே காதின் மேல் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒயர் போய்த் தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டம். பெட்டி சத்தத்தை வாங்கும், கம்பி உள்ளே சொல்லும். "வண்டு உக்காந்த மாதிரி இருக்கு" என்றார் இவர். முதலில் எல்லோரும் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசினார்கள். பழகப் பழக இவர் குரல் இவர் குரலானது. மகள் பிறந்து அழுததை நான் கேட்டேன்.

அந்த வருஷம் எங்கள் வீட்டில் என்னென்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். விரலை விட்டுச் சுழற்றும் போன், அதுவும் வருஷக்கணக்கில் காத்திருந்து வந்தது. கேசட் போடும் ரேடியோ. முதுகு கூனிய டிவி. அம்மா வீட்டு ரேடியோ என்னைவிட மூத்தது, நான் கல்யாணமாகிப் போன பிறகும் செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. மகள் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் கேசட் போய் சிடி வந்து, சிடி போய் பென்டிரைவ் வந்து, அதுவும் போய் எல்லாம் போனுக்குள் புகுந்துவிட்டது. போன் எத்தனை மாற்றினோம் என்று இவரைக் கேட்டேன். விரல் விட்டு எண்ணிக்கொண்டே போய்ப் பாதியில் "சரி விடு" என்றார். அந்தக் காலத்துச் சாமான் இந்த வீட்டில் மிச்சம் இருப்பது என் தலைக்குள்தான்.

பயப்பட ஒன்றுமில்லை. அலமாரியில் புது வண்டு இருக்கிறது.

ஜனவரி 13, திங்கள்

அந்தப் புது வண்டின் கதை. எட்டு வருஷத்துக்கு முன் கம்பெனியே எழுதியிருந்தது, இந்த மாடல் செய்வது இதுதான் கடைசித் தடவை, வேண்டுமென்றால் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று. வாங்கினோம். மாட்டிக்கொள்கிறேன் என்றேன். இவர் விடவில்லை. "பழசு நல்லாத்தானே ஓடுது. புதுசை எதுக்கு இப்பவே அழுக்காக்கணும், எடுத்து வை."

இவர் அப்படித்தான். ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை, சோபாவுக்கு உறை, அந்த உறை அழுக்காகாமல் இருக்க மேலே ஒரு துண்டு. புதுச் சட்டையை எடுத்து வைத்து எடுத்து வைத்து, போடலாம் என்று பிரிக்கும்போது தொப்பை வளர்ந்திருக்கும். எங்கள் வீடுகளில் எல்லோரும் அப்படி வளர்ந்தவர்கள்தான். சாமான் நின்று உழைத்த காலத்துப் புத்தி.

ஜனவரி 21, செவ்வாய்

ஆஸ்பத்திரி. காது சோதிக்கும் சுருட்டைமுடிப் பெண் புது வண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது வெறும் பெட்டிம்மா. உங்க காதுக்கான அளவை இதுக்குள்ள ஏத்தினாத்தான் வேலை செய்யும். வாங்கின உடனே வந்திருந்தா அப்பவே ஏத்திக் கொடுத்திருப்போம்."

இப்ப ஏத்துங்க என்றேன்.

"ஏத்துற கம்ப்யூட்டரே இல்லம்மா. ரொம்பப் பழசுன்னு எடுத்துட்டாங்க. இப்ப இருக்கிறதுல அந்த ஒயரே சொருகாது." கம்பெனிக்கு எழுதிக் கேட்கிறேன் என்றாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 30, வியாழன்

பதில் வந்துவிட்டது. அந்த மாடலுக்குச் சேவை இல்லை. உலகத்தில் எங்கேயும் இல்லை. புதிதாக வரும் வண்டு எதுவும் என் தலைக்குள் இருக்கும் கம்பியோடு பேசாது.

சுருட்டைமுடிப் பெண் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "இதுக்கு இனிமே பார்ட்ஸ் வராதும்மா." நான் கவுன்டரில் சொல்வதைவிட நயமாகச் சொன்னாள். இத்தனை வருஷமும் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அவர்கள் ஃபிரிட்ஜைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கினார்கள். நான் எதைத் தூக்கிப் போட?

பெரிய டாக்டரும் பார்த்தார். பழைய கம்பியை எடுத்துவிட்டுப் புதிது வைக்கலாமா என்று கேட்டோம். மூளைக்காய்ச்சல் வந்த காதாம், கம்பியைச் சுற்றி எலும்பு வளர்ந்திருக்கிறதாம். எடுத்தால் திரும்ப ஒன்று உள்ளே போகாது. இன்னொரு காது எலும்பு வளர்ந்து எப்போதோ மூடிவிட்டது. "உள்ள இருக்கிறது நல்லாத்தான் இருக்கு. வெளியில இருக்கிறது எவ்வளவு நாள் ஓடுதோ அவ்வளவு நாள். ஈரம் ஏறியிருக்கு, பார்த்து உபயோகப்படுத்துங்க" என்றார்.

பஸ்ஸில் இவரோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் பேசினேன். வாயில் வந்ததெல்லாம் பேசினேன். எடுத்து வை, எடுத்து வைன்னு என் காதையே எடுத்து வெச்சுட்டியேய்யா, இப்ப திருப்திதானே? உறை போட்டு வெச்சுக்கோ.

பிப்ரவரி 2, ஞாயிறு

மகளிடம் சொல்லாமல் இருக்கலாம் என்றால் இவர் போனில் அழுதே சொல்லிவிட்டார். அவளுக்கு ஜூனில் பிரசவம். முதல் குழந்தை, அதுவும் எத்தனை வருஷம் காத்திருந்து வந்த குழந்தை.

எனக்கு வேறு எதுவும் வேண்டாம். அது பிறந்து அழுவதைக் கேட்க வேண்டும். அதற்கப்புறம் வண்டு செத்தால் சாகட்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். இனிமேல் வண்டு ஈரம் உறிஞ்சும் டப்பாவுக்குள். அவசியம் இருந்தால் மட்டும் எடுப்பது. இவரிடம் சொன்னேன். நாம் இரண்டு பேரும் எப்படிப் பேசிக்கொள்வது என்று சண்டைக்கு வருவார் என்று பார்த்தால், "முப்பது வருஷமாப் பேசியாச்சு, நமக்குள்ள புதுசா என்ன இருக்கு? மிச்சத்தைப் பேரப்பிள்ளைக்கு வை" என்கிறார்.

வண்டைக் கழற்றிய பிறகு ஏதோ சொன்னார். என்னவென்று தெரியவில்லை. மறுபடி மாட்டிக் கேட்கவும் இல்லை.

பிப்ரவரி 12, புதன்

இவர் மீசையை எடுத்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்பிருந்து இருந்த மீசை. உதட்டைப் படிக்க எனக்கு இடைஞ்சலாக இருக்கிறதாம். மேலுதடு இவ்வளவு மெல்லியது என்று இன்றுதான் தெரிகிறது. சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்குக் கோபம்.

மார்ச் 1, சனி

மேனேஜரிடம் சொல்லி கவுன்டரை விட்டு உள்ளே போய்விட்டேன். கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும் வேலை. காது தேவையில்லை. பெட்டிகள் என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. போன மாதம் வந்த டிவியை இந்த மாதம் ஓரமாகத் தள்ளுகிறார்கள், புதியது வந்துவிட்டதாம். முன்னெல்லாம் மூன்று வருஷத்துக்கு ஒரு மாடல் வரும், அதற்கே ஊர் கூடி வந்து பார்க்கும்.

வீட்டில் பழகிவிட்டது. இவர் என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் நான் இருக்கும் அறை விளக்கை அணைத்து அணைத்துப் போடுகிறார். சமையலறை விளக்கு கண்ணடித்தால் காபி வேண்டும் என்று அர்த்தம்.

மார்ச் 16, ஞாயிறு

மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். மாப்பிள்ளை என் போனில் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். எதிரில் இருப்பவர் பேசப் பேசத் திரையில் எழுத்தாக வருகிறது. அடேயப்பா என்றுதான் இருந்தது. என் தலைக்குள் கம்பி வைத்த காலத்தில் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். இவரைப் பேசச் சொன்னேன். "என்ன பேசறது" என்று திரையில் வந்தது. சரியாகத்தான் இருந்தது. எழுத்து வந்தது, இவர் வரவில்லை.

மகளுக்காக வண்டை எடுத்து மாட்டினேன். மாட்டிய கையோடு அவள் ஆரம்பித்துவிட்டாள். "நான் போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிற. நேர்ல வந்தா டப்பாவைத் திறக்க யோசிக்கிற. பொறக்கப் போறது அழுறதைக் கேக்கணும்னு பெத்தது பேசுறதை விட்டுட்டியா?" உனக்காகத்தாண்டி என்றேன். "எனக்காக இல்ல. அப்பாவைப் பாரு, பேச ஆளில்லாம டிவியோட பேசிக்கிட்டிருக்காரு."

இவர் குறுக்கே வந்தார். "நீ சும்மா இரு குட்டி. உங்கம்மா பண்றதுதான் சரி."

அவர்கள் போனதும் கழற்றி டப்பாவில் வைத்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

சோதனைக்காக மட்டும் கொஞ்ச நேரம் மாட்டினேன். நிற்கவே இல்லை. பார்த்தாயா, அளவாக வைத்துக்கொண்டால் நிற்கிறது. இவருக்கும் சந்தோஷம். "இன்னும் ரெண்டு மாசம், தாண்டிடலாம்" என்றார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இவர் போய்விட்டார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

எழுத முடியவில்லை.

மே 4, ஞாயிறு

எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் மண்டை வெடித்துவிடும்.

காலையில் குளிக்கப் போனார். நான் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். வண்டு டப்பாவில். கால் நனைந்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன், கூடமெல்லாம் தண்ணீர். குழாயை மூடத் தெரியாதா மனுஷா, என்று கத்திக்கொண்டே போனேன். கதவு உள்ளே தாழ். கீழ் வீட்டுக்காரர்கள் வந்து உடைத்தார்கள். குளியலறை விளக்கின் சுவிட்ச் வெளியேதான் இருக்கிறது. உள்ளே இருந்திருந்தாலும் அவர் தரையில் அல்லவா கிடந்தார், எட்டியிருக்குமா?

ஆஸ்பத்திரியில் நெஞ்சடைப்பு என்றார்கள். கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தால் என்று அந்த டாக்டர் ஆரம்பித்தார். எவ்வளவு முன்னாடி என்று நான் கேட்கவில்லை.

கீழ் வீட்டுக்காரம்மா இன்று வந்து உட்கார்ந்திருந்தார், வண்டை எடுத்து மாட்டினேன். பாவம், மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை அவருக்கு. "ரொம்ப நேரம் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாரும்மா. வீட்டுக்குள்ளதானே இருக்கீங்க, நீங்க பாத்துக்குவீங்கன்னு நாங்க இருந்துட்டோம். உங்க காது... எங்களுக்கு நெனப்பே வரல."

என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்று கேட்டேன்.

"உங்க பேரைச் சொல்லித்தாம்மா. அவர் உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல."

நானும் கேட்டதில்லை. முப்பது வருஷமும் எனக்கு 'இந்தாப்பா'தான்.

மே 6, செவ்வாய்

எதுக்குய்யா எடுத்து வெச்சோம்? யாருக்கு?

மே 11, ஞாயிறு

டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட்டேன், வண்டை அல்ல. அது காலையில் எழுந்ததிலிருந்து படுக்கப் போகும்வரை என் காதிலேயே இருக்கிறது. செத்தால் சாகட்டும். குழாய் சொட்டுவது, மேலே யாரோ நாற்காலியை இழுப்பது, எல்லாம் கேட்கிறது. வீட்டில் கேட்க வேண்டியது மட்டும் இல்லை.

மகள் என்னை ஒன்றும் சொல்லவில்லை. திட்டினால் நன்றாக இருக்கும்.

ஜூன் 14, சனி

பேரன். மகள் நலம். அழுதான், கேட்டது. நன்றாகக் கேட்டது. மாப்பிள்ளை, நர்ஸ், எல்லோரும் குழந்தையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள், நான் என்ன செய்கிறேன் என்று. சிரித்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

பேரனுக்கு ஒன்பது மாதம். தவழ்ந்து வந்து வண்டைப் பிடுங்குகிறான், கையைத் தட்டிவிட்டால் கத்துகிறான். ஓய்வு வாங்கிக்கொண்டு மகள் வீட்டோடு இருக்கிறேன். மகளுக்கு எனக்கு முன்னால் அப்பா பேச்சை எடுப்பதில்லை என்று ஒரு கணக்கு.

அவள்தான் இன்று வற்புறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சுருட்டைமுடிப் பெண் வண்டைச் சோதித்துவிட்டு நம்பாமல் இன்னொரு முறை சோதித்தாள். ஈரம் அடியோடு போய்விட்டதாம். நடுவில் ஒரு தடவைகூட நிற்கவில்லையா என்று கேட்டாள். போன ஏப்ரலிலிருந்தே நிற்கவில்லை என்றேன்.

"ரெண்டு மூணு மாசம் ஓடினாப் பெருசுன்னு நெனச்சேம்மா. இன்னும் சில வருஷம் ஓடும் போலிருக்கு. நடுவுல மூணு மாசம் கழட்டிக் காய வெச்சீங்க பாருங்க, அதான் இதைக் காப்பாத்திடுச்சு. ரொம்ப நல்ல காரியம் பண்ணீங்க."

மகள் என் தோளில் கை வைத்தாள். நான் வண்டை வாங்கி மாட்டிக்கொண்டேன். அடுத்த தடவை எப்போது வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தோம்.