கம்பி கழன்ற நாள்

மேசைமேல் ஒரு சிறிய அட்டைப்பெட்டி இருக்கிறது. சிகிச்சை தொடங்கும் முன் பிளாஸ்டரில் எடுத்த நம் மகளின் பல் அச்சு அதற்குள். இன்று காலை அவள் பல்லில் இருந்த கம்பியைக் கழற்றிய பிறகு டாக்டர் அதை என்னிடம் கொடுத்தார். கோணல்மாணலான அந்தப் பற்களைத் தடவிப் பார்த்ததும் உனக்கு எழுதத் தோன்றியது.

அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. முன்பற்கள் ஒன்றோடொன்று சேராது. எதையும் கடிக்க முடியாது. நாக்கு ஓரம் எப்போதும் புண்ணாகவே இருக்கும். நாம் முதலில் போன கிளினிக்கில், "டவுன் சிண்ட்ரோம் பிள்ளைக்குக் கம்பியா? உட்காரவே மாட்டா லா. அழகு பார்த்து என்ன செய்யப்போறீங்க?" என்றார்கள். நான் தலையாட்டினேன். வீடு திரும்பும் வழியில், கார் தஞ்சோங் கிளிங் ஊரைத் தாண்டும்போது மெதுவாகச் சொன்னாய்: "அவளுக்கு வலிக்குதுங்க. அழகுக்கா கேட்டேன்?"

வேறொரு பல் சீரமைப்பு டாக்டரைத் தேடிக் கண்டுபிடித்தாய். வாய்க்குள் கை வைக்க அவள் பழகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார் அவர். அன்றே ஒரு பெட்டி கையுறை வாங்கி வந்தாய். சமையலறை நாற்காலியைச் சுவரில் சாய்த்து அவளை உட்காரவைத்து, "பத்து எண்ணுற வரைக்கும்தான் கண்ணு" என்பாய். முதல் நாள் மூன்றிலேயே உன் விரலைக் கடித்துவிட்டாள். "விட்டுடும்மா, ரெண்டு பேருக்கும் எதுக்கு இந்த வதை" என்றேன். நீ விரலைக் கழுவிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாய். பத்தை எட்ட நான்கு மாதம் ஆனது. அச்சு எடுத்த அன்று உன் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள்.

கம்பி போட்ட ஆறாவது மாதம் நீ கண்மூடிவிட்டாய்.

அதன்பின் பல்லைப் பார்க்க அவள் யாருக்கும் வாய் திறந்து காட்டவில்லை. "ரொம்பக் கஷ்டம்னா கழட்டிடலாம், தப்பில்ல" என்றார் டாக்டர். சரியென்று சொல்லத்தான் நினைத்திருந்தேன். அன்று மாலை அவளே நாற்காலியை இழுத்துச் சுவரில் சாய்த்து உட்கார்ந்தாள். கையுறையை என் மடியில் வைத்தாள். "அப்பா, எண்ணு."

எண்ணினேன். நான்கில் என் குரல் உடைந்தது. வாய்க்குள் என் விரல் இருக்க, மீதியைக் குழறலாய் அவளே எண்ணி முடித்தாள்.

பிறகு இரண்டு வருடம். குருபோங் தொழிற்சாலையில் ஷிப்ட் மாற்றிக்கொண்டேன். ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் கம்பி இடுக்கெல்லாம் துலக்கப் பழகினேன். டாக்டரிடம் போகும் ஒரு நாளைக்கூடத் தவறவிடவில்லை.

இன்று யாரும் அவளைப் பிடித்துக்கொள்ளத் தேவைப்படவில்லை. திரும்பும் வழியில் அவித்த சோளம் கேட்டாள். முன்பற்களால் கடித்து, வரிசை வரிசையாகத் தின்று தீர்த்தாள், தாடையெல்லாம் வெண்ணெய். "பல்லு அழகா இருக்கே தங்கச்சி" என்றார் கடைக்கார அக்கா.

"எங்கம்மா செஞ்சாங்க" என்றாள்.

உன் பிடிவாதம் இப்போது என்னிடம் இருக்கிறது. சாயங்காலம் நீச்சல் வகுப்பில் அவள் பெயரைக் கொடுத்தேன். "இந்தப் பிள்ளையால முடியுமா?" என்று கேட்டார்கள். "முடியும். எத்தனை மணிக்குக் கூட்டிட்டு வரணும்?" என்றேன்.