கிளி லேபிளின் பின்பக்கம்

திருத்தங்கல்
4.11.2024

தம்பி சாபிருக்கு,

சலாம். அதற்கு மேல் நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. போனில் பேசினால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். எழுத்து என்றால்தானே உனக்கு மதிப்பு.

தீபாவளி லோடு முடிந்து நான் வேலை பார்க்கும் பிரஸ்ஸில் நாலு நாள் லீவு விட்டார்கள். என் பச்சைப் பெட்டியைத் திறந்து பார்த்தால், அம்மா எனக்கு எழுதிய பதினோரு கடிதமும் இல்லை. பக்ரீதுக்கு நீ வந்து போன பிறகு அந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை. எடுத்தது நீ என்றால் உடனே அனுப்பு. வேறு பதில் எனக்கு வேண்டாம்.

நசிமா


யார்க், இங்கிலாந்து
20.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது.

அம்மாவின் கடிதம் எதையும் நான் எடுக்கவில்லை. பெட்டியிலிருந்து எடுத்தது பழைய பட்டாசு லேபிள்களைத்தான். அத்தா வேலை பார்த்த பிரஸ்ஸில் நிறம் பிசகி விழுந்தவை. கிளியின் சிவப்பு மூக்கு முகத்தை விட்டுத் தள்ளி அச்சாகியிருக்குமே, அது. "பழைய லேபிள எடுத்துக்கிடவாக்கா?" என்று கேட்டேன். அடுப்படியிலிருந்து நீங்கள்தான் "எடுத்துக்கோ" என்றீர்கள். பின்பக்கம் அரபு எழுத்து இருந்தது. ஓதுகிற பள்ளியில் பிள்ளைகள் எழுதிப் பழகிய தாள் என்று நினைத்துவிட்டேன்.

பழைய ஆங்கிலக் கையெழுத்துப் பிரதிகளும் குடும்பக் காகிதங்களும் நான் சேர்ப்பது உங்களுக்குத் தெரியும். இங்கே ஹாரிஸ் என்று ஒரு பெரியவர், ஊர் ஊராகப் பட்டாசு லேபிள் சேர்க்கிறவர். அவரிடம் லேபிள்களைக் கொடுத்து ஒரு கடிதம் வாங்கினேன். 1631இல் ஒரு பண்ணை வீட்டுக்காரி, லண்டனுக்குத் தொழில் பழகப் போன மகனுக்கு எழுதியது. அந்தக் காலத்துக் கோணல் எழுத்து, ஒரு பக்கம் வாசிக்க மூன்று வாரம் ஆனது. முடித்தபோது அழுதுவிட்டேன்.

உங்கள் கடிதத்தில் எதற்கு என் மேல் இவ்வளவு கோபம் என்றுதான் புரியவில்லை.

உங்கள் தம்பி
சாபிர்


திருத்தங்கல்
3.12.2024

சாபிர்,

அரபு எழுத்து என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. அது துஆவாக, அல்லாவிடம் கேட்கிற பிரார்த்தனையாக இருந்திருந்தால்? அப்போதும் ஊர் பேர் தெரியாதவனிடம் தூக்கிக் கொடுத்திருப்பாய்.

அது துஆ இல்லை. அரபுத்தமிழ். அரபு எழுத்தில் எழுதிய நம் வீட்டுத் தமிழ். அம்மாவுக்கு வேறு எழுத்து வராது. அத்தா கொண்டுவரும் பிசகிய லேபிளின் பின்பக்கம்தான் அவளுக்குத் தாள். கிளி உன் கண்ணில் பட்டது, அம்மா படவில்லை.

என்னைக் கட்டிக்கொடுத்த வீட்டில் எனக்கு வரும் கடிதத்தையெல்லாம் மாமனார் பிரித்து வாசித்துவிட்டுத்தான் கொடுப்பார். அவருக்கு ஓத வராது, அரபு எழுத்தே தெரியாது, வெளியே சொல்ல வெட்கம். "ஒங்கம்மா துஆ எழுதியிருக்காக" என்று நீட்டுவார். நீயும் அவரும் ஒன்றுதான், போ. அடி வாங்கி வீங்கின கையில் பிடித்து அதை வாசித்திருக்கிறேன். "ஊரு என்ன சொல்லும்னு பாக்காத. கெளம்பி வா, நான் இருக்கேன்" என்று கடைசிக் கடிதத்தில் எழுதினாள். அதை மடியில் கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறினேன். அந்தத் தாள் இல்லையென்றால் இன்றைக்கு நான் இல்லை.

"எடுத்துக்கோ" என்று நான் சொன்னது பரணில் கட்டிப்போட்டிருக்கும் லேபிளை. என் துணிக்கு அடியில் கைவிடச் சொன்னேனா?

என்னோடு லேபிள் வெட்டுகிற முருகேஸ்வரியிடம் சொன்னேன். "இங்கிலீசுக்காரி கடுதாசிய மூணு வாரம் ஒக்காந்து வாசிச்சிருக்காக. பெத்தவ கடுதாசிய மூணு நிமிசம் பாக்க முடியலையாக்கா?" என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் உனக்கு வரவேண்டியது.

பதினொன்றும் திரும்பி வரவேண்டும்.

நசிமா


யார்க்
6.1.2025

அக்கா,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். மன்னியுங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்றே ஹாரிஸிடம் போனேன். கிளிப் பக்கம் வெளியே தெரியும்படி பதினொன்றையும் அட்டையில் பசை போட்டு ஒட்டி, கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். அந்த 1631 கடிதத்தை அவரிடமே கொடுத்துவிட்டு அட்டைகளை வாங்கி வந்தேன். இரண்டை நனைத்து உரித்துப் பார்த்தேன். தாள் வந்தது, மை கரைந்துவிட்டது. நீலத் தண்ணீர் என் கையெல்லாம் ஓடியது. மற்ற ஒன்பதையும் தொட பயமாக இருக்கிறது. காகிதத்தைக் காப்பாற்றுவதே தொழில் என்று சொல்லித் திரிந்தவன் நான்.

ஒன்று கேட்கிறேன். அந்தக் கடிதங்களில் என்ன இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும் அளவுக்குத் தமிழில் எழுதி அனுப்புவீர்களா? என்னைப் பற்றி அம்மா ஏதாவது எழுதினாளா?

சாபிர்


திருத்தங்கல்
29.1.2025

சாபிர்,

முப்பது வருடமாக வாசித்தவள், பதினொன்றும் மனப்பாடம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நீ கேட்ட பிறகு உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். மூன்றுதான் முழுதாக வருகிறது. மற்றதெல்லாம் ஒரு வரி வருகிறது, அடுத்த வரி இல்லை. அம்மா மவுத்தான அன்றைக்குக்கூட நான் இப்படி அழவில்லை. இதற்கு நான் உன்னை மன்னிக்கவில்லை. மன்னித்ததாக எழுதினால் அது பொய்.

இங்கிலீஷ் கடிதத்தை நீ திருப்பிக் கொடுத்ததற்கு நான் சந்தோஷப்படவும் இல்லை. அந்தப் பொம்பளையும் ஒரு அம்மாதானே, அவள் என்ன பாவம் செய்தாள்?

உன்னைப் பற்றி எழுதியிருந்தாளா என்று கேட்கிறாய். ஆறாவது கடிதம் முழுக்க நீதான். அப்போது உனக்குப் பத்து வயது. எனக்கு முழுதாக வருகிற மூன்றில் அது ஒன்று. ஒரு சொல் விடாமல் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், அம்மா எழுதின அதே எழுத்தில். தமிழில் எழுதித் தரமாட்டேன். யாரிடமும் காட்டி வாசித்துக் கேட்கவும் கூடாது. சின்ன வயதில் ஓதியவன் நீ. அதைத் தவிர, தமிழ் ஓசைக்காகப் புள்ளி கூட்டிய சில எழுத்துதான் புதிது. எவளோ ஒருத்திக்காக மூன்று வாரம் உட்கார்ந்தவனுக்கு இது முடியாதா?

முதல் சொல் உன் பெயர். அதற்கு மேல் நான் சொல்லமாட்டேன்.

உன் அக்கா
நசிமா