கத்தி பிடித்த கைக்குச் சொன்ன முடிவு

ஜனவரி 12, திங்கள்
வாடைக்காற்று. நல்ல வெயில். கட்டா மீன் குவிந்து கிடக்கிறது, கருவாடு காயவைக்கும் வாடியில் எங்களில் ஒருத்திக்கும் கை ஓயவில்லை. வழமைபோல நேற்றுப் போனில் பார்த்த படத்தைச் சொன்னேன். எங்கள் வாடியில் ஒரு கட்டுப்பாடு: மீன் வெட்டும்போது சோகமான முடிவு கூடாது. கண் கலங்கினால் கத்தி விரலில் இறங்கும். அதனால் எந்தப் படத்தையும் நான்தான் சந்தோசமாக முடித்துவைப்பேன். படத்தில், கோபித்துப் போய்த் திரும்பி வந்த பெண்சாதியைப் புருஷன் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். என் கதையில், அவள் திரும்பி வந்ததும் அவன் விம்மி விம்மி அழுதான்.

உம்மாவின் தங்கை, என் சாச்சியின் மகள் ரிஸ்னா மட்டும் திரும்பக் கேட்டாள், மெய்யாகவே அழுதானா என்று. ஓம் என்றேன். புருஷனின் அடி தாங்காமல் தாய் வீட்டுக்கு வந்திருப்பவள்.

வாங்க: பனடோல், தேங்காய், சவர்க்காரம்.

ஜனவரி 14, புதன்
ரிஸ்னா வேலைக்கு வரவில்லை. நேற்றே எத்தாளை ஊருக்கு, புருஷனிடம் போய்விட்டாளாம். மருமகன் இனித் திருந்திவிடுவான் என்று சாச்சிக்கு ஒரே பூரிப்பு. கத்தியை வைத்துவிட்டு ரிஸ்னாவுக்குப் போன் எடுத்தேன். ஓஃப்.

தேங்காய் மறந்துபோனது.

ஜனவரி 15, வியாழன்
ரிஸ்னாவைத் துடுப்பால் அடித்திருக்கிறான். இடது கை முறிவு. தாடை வீங்கி, ஒரு கண் மூடிப்போய். ஆஸ்பத்திரி வார்ட்டில் மீன் மணக்கும் கையோடு நின்றேன்.

"நான் திரும்பிப் போனேன் தானே ராத்தா. அவர் ஏன் அழல்ல?" என்று அக்காவான என்னைக் கேட்டாள்.

படத்தின் உண்மை முடிவைச் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் நாக்கை அறுத்துப் போட வேண்டும்.

ஜனவரி 17, சனி
வெயில். ரிஸ்னா கட்டுப்போட்ட கையோடு வாடிக்கு வந்து ஓரமாக இருந்தாள். வீட்டில் தனியே இருக்கப் பயமாம். யாரும் கதை கேட்கவில்லை. நானே தொடங்கினேன். அதே படம். நெரித்தது, அவள் கால் உதறியது, உதறல் நின்றது, எல்லாம் சொன்னேன். ஒருத்திக்கும் விரல் வெட்டுப்படவில்லை.

பிறகு ரிஸ்னாவின் புருஷன் வந்தான். அவளுடைய முறிந்த கையைப் பிடித்து இழுத்தான். அவள் அலறினாள். கத்திப் பிடியால் அவன் வாயில் அடித்தேன். மறுபடியும் அடித்தேன். பல் ஒன்று உப்புக்குள் விழுந்தது. மற்றவர்களும் எழும்பி நின்றார்கள், கையில் கத்தியோடு. திரும்பி வருவதாகச் சொல்லி, இரத்தத்தைத் துப்பிக்கொண்டு போனான்.

சந்தோசமாக இருந்தது. எத்தனையோ படங்களில் தேடிய சந்தோசம். அல்லாஹ் மன்னிக்கட்டும். எழுத்தெல்லாம் கோணல்.

அந்த உப்பைக் கொட்ட வேண்டும். பொலிஸுக்குப் போக வேண்டும். சாச்சி வேண்டாம் என்கிறாள், போகத்தான் போகிறேன்.

ரிஸ்னா என் பாயில் படுத்திருக்கிறாள். இனி என்ன நடக்கும் என்று கேட்டாள்.

"தெரியா புள்ள. இந்தப் படத்த நான் இன்னும் பாக்கல்ல."