பூச்சியத்துக்குள் போன ராத்தாவுக்கு

அன்பு ராத்தா, உங்கள் தம்பியின் ஸலாம்.

நீங்கள் எங்களை விட்டு மவுத்தாகி ஒரு வருடம் கழிந்துவிட்டது. பிள்ளைகள் கல்முனையில் நம் உம்மாவோடு இருக்கிறார்கள். சின்னவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். மச்சானின் கால் இன்னும் சரியாக மடங்குவதில்லை. மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டார்.

அன்று நீங்கள் இருவரும் சவளக்கடையில் வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தீர்கள். மஃரிப் நேரம், இருட்டிக்கொண்டிருந்தது. நெல் ஏற்றி உழவு மெசின் இழுத்துவந்த பெட்டியொன்று நடு றோட்டில் பழுதாகி நின்றது. பின்னால் லைட் இல்லை. ஒரு சிவப்புத் துணிகூடக் கட்டியிருக்கவில்லை. மச்சான் கண்டபோது பிறேக் பிடிக்க இடமிருக்கவில்லை.

"தம்பி கொழும்பில கொம்பியூட்டர்ல இரிக்கான்" என்று எல்லாரிடமும் சொல்வீர்கள். அங்கே நான் என்ன செய்கிறேன் என்று நீங்கள் கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை. நாடெங்கும் பொலிஸ் எழுதும் வீதி விபத்து அறிக்கைகள் எங்கள் அலுவலகத்துக்கு வரும். எந்த இடம், என்ன வாகனம், வெளிச்சம் இருந்ததா என்று ஒவ்வொன்றையும் கொம்பியூட்டரில் ஏற்றுவோம். எந்த றோட்டில் அடிக்கடி ஆள் சாகிறது என்று கொம்பியூட்டர் பிரித்துக் காட்டும். அங்கேதான் முதலில் திருத்தவேலை நடக்கும். அந்தப் புரோகிராமை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

வருடக் கணக்கு அச்சாகி வந்ததும் நம் பகுதியைத் தேடினேன். பூச்சியம் என்று இருந்தது.

சண்டை தொடங்கியபின் நம் பக்கத்துப் பொலிஸார் மண்மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கிறார்கள். வயல் றோட்டில் மோதியதைப் பார்க்க யார் வருவார்? அறிக்கை வரவில்லை. அப்படி வராமலே போகும் என்று புரோகிராம் எழுதும்போது ஒருவரும் நினைக்கவில்லை. வராததையெல்லாம் அது பூச்சியம் என்று அச்சடித்துவிட்டது.

கூட்டத்தில் மேலதிகாரி தாளைப் பார்த்துச் சொன்னார்: "கிழக்குக் கரையில் விபத்தே இல்லை. அங்கே இப்போதைக்குச் செலவு தேவையில்லை."

"விபத்து இல்லாமலில்லை, சேர். எங்களுக்குத் தகவல்தான் வரவில்லை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் அக்கா அங்கேதான் செத்தவ."

"கவலையான விஷயம்" என்றார். பிறகு அடுத்த தாளைப் புரட்டினார்.

அந்தக் கிழமையே புரோகிராமைத் திருத்தினேன். அறிக்கை வராத இடத்துக்கு நேரே 'தகவல் இல்லை' என்று விழும்படி செய்தேன். நம் கரை முழுக்க அதுவே விழுந்தது. மேலதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"இதைப் பார்த்தால் நம் வேலை அரைகுறை என்று நினைப்பார்கள்."

"அரைகுறைதானே, சேர்."

வேறொருவரைக்கொண்டு அந்தத் திருத்தத்தை எடுப்பித்தார். அறிக்கை பழையபடி பூச்சியத்தோடு அமைச்சுக்குப் போனது.

பெருநாளைக்கு வீட்டுக்கு வந்தபோது மச்சான் கேட்டார்: "தம்பி, அவட விசயம் உங்கட கொம்பியூட்டர்ல இரிக்கா?"

"இல்ல மச்சான்."

"நானும் இல்லயா?"

"இல்ல."

அவர் காலைத் தடவினார். "அப்ப இது என்னத்தில முறிஞ்ச?" என்றார்.

உம்மா உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டா. இரண்டு பேரும் எழும்பவில்லை.

இப்போது மறுபடியும் அறுவடை. அதே றோட்டில், அதே மாதிரி லைட் இல்லாத பெட்டிகள் போகின்றன. இந்த வருடம் யார் வீட்டில் அழப்போகிறார்கள்? அவர்களையும் எங்கள் தாள் இல்லையென்றுதானே சொல்லும்?

இந்த வருடக் கணக்குக்கு நான் மறுபடியும் அந்தத் திருத்தத்தைப் போடுவேன். எடுத்தால் திரும்பவும் போடுவேன். வேலையால் நிறுத்தினால் நிறுத்தட்டும். கொம்பியூட்டர் உங்கள் பெயரைக் கேட்காது, அதற்கு எண்ணிக்கை மட்டும் போதும். அந்த எண்ணிக்கை பூச்சியமல்ல என்பதையாவது தாளில் ஏற்றாமல் நான் ஓயமாட்டேன்.

உங்களுக்குப் பின்னால் பிறந்த,
உங்கள் ஒரே தம்பி.