சின்னவன் உரிமை

தம்பிக்கு,

எதிரி முற்றுகையிட்ட துறைமுகத்தை உன் கப்பற்படை இன்னும் காப்பதாக டிவியில் சொன்னார்கள். பாகூர் கடைத்தெருவில் உனக்குப் பேனர் வைத்திருக்கிறார்கள். அட்மிரல் உடையில் சிரிக்கிறாய். அதன் கீழேதான் என் கரும்பு டிராக்டர் நின்றது; எவனும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறு வருடமாக அம்மாவைத் தூக்கி உட்காரவைத்துச் சோறு ஊட்டியவன் நான். செவ்வாய்க்கிழமை கண் திறந்து என்னைப் பார்த்து, "சின்னவனே, வந்துட்டியாடா?" என்றாள்.

"வந்துட்டேம்மா" என்றேன். சிரித்த முகமாகவே போய்விட்டாள்.

தாய்க்குக் கொள்ளி வைப்பது இளையவன் உரிமையாம். "சின்னவரு வரட்டும்பா, ஃப்ரீசர் பாக்ஸ்ல வச்சிக்கலாம்" என்றார்கள் பங்காளிகள். நான் கேட்கவில்லை. நானே வைத்தேன்.

துறைமுகத்தை எவனுக்கும் விடாதே, தம்பி. இங்கே உன் இடத்தை நான் பிடித்துவிட்டேன்.

உன் அண்ணன்