பேர் பதியாமல் இருந்த வீடு

ஜனவரி 6, செவ்வாய்

மழை விட்டிட்டு. வெயில் இன்னும் இல்ல. ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆக அரை மணித்தியாலம்.

முன்பள்ளிக்குப் போனன். வெள்ளத்தில வீடு போன ஆக்களுக்கு இடம் பாத்துக் குடுக்கிறதுதான் கந்தோரில என்ட வேலை. வெள்ளத்துக்கு அங்க வந்து தங்கின குடும்பம் எல்லாம் போயிட்டுது. வசந்தி ஆக்கள் மட்டும் மிச்சம். வசந்தி, புருசன் யோகன், மூண்டு பொம்பிளைப் பிள்ளைகள். ஆத்தங்கரையில இருந்த தகரக் கொட்டில் தண்ணியோட போயிட்டு. அது ஒதுக்கு நிலம், ஆத்துக்கெண்டு அரசாங்கம் விட்டது, திரும்பக் கட்டக் கூடா எண்டு பலகை நட்டிருக்கு. யோகன் தோணியில போய் இறால் பிடிச்ச ஆள். சீனி வருத்தத்தில மூண்டு கால் விரல் எடுத்தாச்சு, இனித் தண்ணிக்குள்ள இறங்க ஏலா. வசந்தி இடியப்பம் அவிச்சுக் கடைகளுக்குக் குடுக்கிறா. அதிலதான் அஞ்சு பேரும் சாப்பிடுறது.

முன்பள்ளி திங்கட்கிழமை திறக்குது. டீச்சர் நல்ல மனுசி. தள்ளி நிண்டு சொன்னா: "மிஸ், ஞாயிறு பின்னேரம் நான் இடத்தைக் கழுவணும்."

வாடகைக்கு வீடு கேட்டு ஏறின வாசல் நாலு.
1. "மூண்டு பிள்ளையோ?"
2. "உழைக்கிற ஆள் ஆரு?"
3. "ஆத்தங்கரைச் சனம் வேணாம் மிஸ். குறை நினைக்காதீங்க."
4. நாய்.

பின்னேரம் திரும்ப மழை.

ஜனவரி 9, வெள்ளி

அக்காட்டக் கேட்டிட்டன். ரெண்டு நாளா வாய்க்குள்ள வச்சிருந்தது.

தேற்றாத்தீவில இருக்கிறது அக்கா தன்ட மகள் தனுவுக்குக் கட்டி எழுதின சீதன வீடு. தனு கலியாணம் முடிச்சுக் கனடாவுக்குப் போய் ஆறு வருசம். மூண்டு அறை, மாபிள் நிலம், கிணறு, மாமரம். ஆள் இல்ல. மாதத்துக்கு ஒருக்கா அக்கா போய்த் தூசி தட்டிட்டு வாறா.

அக்கா முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டு இருந்தா. நிமிரயில்ல.

"உன்ட வீட்டில ஒரு அறை சும்மாதானே கிடக்கு. அங்க வையன்."

கிடக்குதான். தையல் மெசின், பழைய கட்டில். என்ட மனுசன்ட்டப் போன கிழமை மெல்லக் கேட்டுப் பாத்தன். "கந்தோர் வேலையை வீட்டுக்குள்ள கொண்டுவராத" எண்டார். அதுக்கு மேல பேச எனக்கும் விருப்பம் இருக்கயில்ல. இதை இஞ்ச மட்டும்தான் எழுதலாம்.

எனக்கு அம்மா எழுதித் தந்த வீடு. அக்காவுக்கும் அப்பிடித்தான். நாங்க ஒரு நாளும் வீடு தேடினது இல்ல. வசந்திக்குத் தாய் குடுத்த சீதனம் அந்த ஆத்தங்கரைக் கொட்டில். அதுக்கு உறுதிப் பத்திரம் இல்ல.

கடைசியில அக்கா ஓம் எண்டா. வாடகை வேணாமாம். புண்ணியத்துக்கு எண்டு நினைச்சன். "காசு வாங்கினா வாடகைக்காரர் எண்டு உரிமை வந்திடும். சும்மா இருக்கட்டும். கடதாசி ஒண்டும் எழுதக் கூடா. நான் சொல்ற அண்டைக்கு வீட்டை விட்டு எழும்பணும்."

சத்தியம் பண்ணிக் குடுத்தன்.

ஜனவரி 11, ஞாயிறு

ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில குடும்பம் முழுக்க வந்திட்டு. பெட்டியும் நிரம்பயில்ல. பாய் நாலு, இடியப்பத் தட்டு ஒரு கட்டு, பிள்ளைகள்ட புத்தகம் உரப் பேக்கில.

வசந்தி கேற்றடியிலேயே செருப்பைக் கழட்டிட்டா. "நாங்க குசினிப் பக்கத்தில இருக்கிறம் மிஸ். முன் ஹோல் வேணாம்." எவ்வளவு சொல்லியும் கேக்கயில்ல. மூத்தவள் டிலானி, பத்து வயசு, மாபிளில காலை வச்சுப் பாத்திட்டு எடுத்தாள்.

யோகன் கேட்டார்: "எவ்வளவு நாளைக்கு மிஸ்?"

"இருங்க. பாப்பம்."

கந்தோர்ச் சேருக்குச் சொன்னன். சந்தோசம். ஆறு மாதம் ஒரே இடத்தில இருந்தா 'நிலையான வீடு' எண்டு அறிக்கையில போடலாமாம்.

பெப்ரவரி 17, செவ்வாய்

வெயில் சுடுது. வட்டையில நெல்லு வெட்டுத் தொடங்கிட்டு, றோட்டெல்லாம் வெட்டு மெசின். ஒண்டுக்குப் பின்னால நாலு கட்டை தூரம் ஊர்ந்தன்.

வசந்தி இடியப்பம் அவிக்கிறது வெளியில, மாமரத்துக்குக் கீழ கல்லு வச்சு. சுவரில புகை பட்டிடுமாம். வீட்டுக்குள்ள ஒரு ஆணி அடிக்கயில்ல, உடுப்பெல்லாம் இன்னும் பேக்குக்குள்ளதான். பிள்ளைகள் உள்ளுக்கு மெல்லத்தான் கதைக்குதுகள். ஆனா யோகன்ட கால் புண் காய்ஞ்சிட்டு. ஈரமில்லாத நிலம். டிலானியைக் கிட்ட இருக்கிற பள்ளியில சேர்த்தாச்சு, நடந்தே போறாள்.

முக்கியமானது: அரசாங்க வீட்டுத் திட்டத்துக்குப் பேர் எடுக்கிறாங்க. காணி இல்லாத ஆக்களுக்குக் காணியும் சேர்த்தாம். நேரா கிராம சேவகர் ஜீ.எஸ்.ட்ட ஓடினன். இளந்தாரி, பண்பா கதைப்பார்.

"இந்தப் பிரிவில இருக்கிறாங்க எண்டு வீட்டுக்காரர் ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும் மிஸ். மாதம் முடிய முதல் நான் பதியிறன்."

"பழைய இடத்தில பதிய ஏலாதோ?"

"அது ஒதுக்கு நிலம். கடதாசிப்படி அங்க ஆளே இல்ல."

ரெண்டு வரி. கையெழுத்து ஒண்டு.

பெப்ரவரி 19, வியாழன்

அக்கா உள்ள வரச் சொல்லயில்ல, கதவடியிலயே கதை.

"கடதாசி இல்ல எண்டு சொல்லித்தானே விட்டனான். பேர் பதிஞ்சா பிறகு ஆர் எழுப்புற? என்னைக் கோட்டுக்கு ஏறச் சொல்றியோ?"

"அவங்களுக்குச் சொந்த வீடு கிடைச்சா அவங்களே போயிடுவாங்க அக்கா. அதுக்குத்தான் கடிதம்."

"கிடைக்காட்டி?"

கிடைக்கும் எண்டு சொல்ல ஏலா. பதினாலு வருசம் பட்டியல் பாத்தவள் நான்.

"வீடு தனுட பேரில. பிள்ளைட சொத்தில நான் கை வைக்க ஏலா" எண்டு கதவைச் சாத்தினா.

தனுவுக்கு வாட்ஸப்பில எடுத்தன். அங்க விடிய, யன்னலுக்கு வெளியில பனி. "எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல சின்னம்மா. பாவம் அந்தப் பிள்ளைகள். அம்மா ஓம் எண்டா சரி."

தாய்க்கு அது மகள்ட சொத்து. மகளுக்கு அது தாய்ட விருப்பம். ரெண்டு பேரும் நல்லவங்க.

பெப்ரவரி 22, ஞாயிறு

காலையில அக்காட கோல். தனு சொல்லிட்டாள்.

"எனக்குப் பின்னால போய்ப் பிள்ளைட்டக் கேட்டிருக்கிறாய். இண்டைக்குக் கடிதம், நாளைக்கு உறுதி கேப்பாய். மாதம் முடிய முதல் எழும்பச் சொல்லு. நீ சொல்றியா, நான் போய்ச் சொல்லவா?"

நான் சொல்றன் எண்டன். அக்கா போனா சத்தம் வரும், அயல் பாக்கும்.

எத்தினை வீட்டுக்காரரிட்ட "மூண்டு மாதத் தவணையாவது குடுங்க" எண்டு கதைச்சிருக்கிறன். இண்டைக்கு நான் குடுத்தது ஆறு நாள்.

தேற்றாத்தீவுக்குப் போய்ச் சொன்னன். வசந்தி மாப் பிசைஞ்ச கையோட நிண்டு கேட்டா: "நாங்க என்ன பிழை விட்டம் மிஸ்?"

நான் கடிதம் கேட்டதாலதான் எண்டு சொல்ல வாய் வரயில்ல. வீட்டுக்காரப் பிள்ளை கனடாவில இருந்து வாறா எண்டு சொல்லிட்டன்.

"அது நல்லம்தானே. பிள்ளை வந்து இருக்கத்தானே கட்டின வீடு" எண்டா. எனக்கு ஆறுதல் சொல்றா மாதிரி.

பெப்ரவரி 25, புதன்

ஏழு வாசல். ஒண்டும் இல்ல. வெல்லாவெளிப் பக்கம் ஒரு வாடிக் கொட்டில் இருக்காம், கிணறு இல்ல, பள்ளி அஞ்சு கட்டை.

இவர்ட்டத் திரும்பக் கேட்டன், அந்த அறையை. ஒரு மாதத்துக்கு மட்டும். டிவியில இருந்து கண்ணை எடுக்கயில்ல.

"நீ உண்மையாக் கேக்கிறியா, இல்ல நான் ஏலா எண்டு சொல்லணும் எண்டு கேக்கிறியா?"

இருபது வருசம் கூட இருந்த மனுசன். நான் குசினிக்குப் போய்த் தேங்காய் துருவினன்.

பெப்ரவரி 28, சனி

பத்து மணிக்கு அக்காவோட தேற்றாத்தீவு. ஆக்கள் இல்ல. விடியவே போயிட்டாங்களாம், அயல் வீட்டு மனுசி சொன்னா. பூட்டுத் திறப்பை அவட்டக் குடுத்திருக்கிறாங்க.

வீடு கழுவி விட்டிருக்கு. மாமரத்தடி அடுப்புக் கல்லையும் எடுத்து, சாம்பலைக் கூட்டி, மண் போட்டு மூடியிருக்கு. அக்கா அறை அறையாப் போய்ச் சுவரைத் தடவிப் பாத்தா. பைப்பைத் திறந்து மூடினா.

"நல்ல சனம். ஒரு கீறல் இல்ல. இப்பிடிச் சனம் கிடைக்காது."

பூட்டினா. இழுத்தும் பாத்தா.

மார்ச் 1, ஞாயிறு

ஆத்தங்கரை. வேற எங்க போவாங்க. பலகையில இருந்து பத்து அடி தள்ளி, அள்ளுப்பட்டுக் கிடந்த பழைய தகரத்தை எடுத்து நிமித்தியிருக்கு. யோகன் காலில பொலித்தீன் பை கட்டிக்கொண்டு சேத்துக்குள்ள கம்பு நடுறார். வேணாம் எண்டன். "அப்ப ஆரு மிஸ் நடுற?"

வசந்தி தேத்தண்ணி தந்தா, நக்கிக் குடிக்கச் சீனியை என்ட கையில கொட்டி. டிலானி பழைய பள்ளிக்கே போறாளாம். புதுப் பள்ளிக்கு இஞ்ச இருந்து ரெண்டு பஸ். என்னைக் கண்டதும் பள்ளிக் கொப்பியால முகத்தை மறைச்சுக்கொண்டு இருந்தாள்.

"கனடாப் பிள்ளை வந்திட்டாவோ மிஸ்?"

"ஓம்."

"வீட்டுத் திட்டத்துக்குப் பேர் எடுத்தாங்களாம், கடையில கதைக்கிறாங்க. எங்கட பேரும் போயிருக்கோ?"

பட்டியல் நேத்தோட மூடியாச்சு. "அடுத்த முறை பாப்பம் வசந்தி" எண்டன். தலையாட்டினா. நம்பினாவோ தெரியா. நம்பாம விட்டா நல்லம்.

தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சிட்டுத்தான் வந்தன்.

இந்தக் கிழமை:
- ஸ்கூட்டி பிரேக்
- இவருக்குப் பிரஷர் குளிசை
- தகரம் பத்துத் தரச் சொல்லிக் கந்தோரில கேக்கணும். ஒதுக்கு நிலத்துக்குத் தர மாட்டாங்க. கேக்கணும்.
- அக்கா வீட்டில பகல் சாப்பாடு. நண்டு வாங்கி வச்சிருக்கிறாவாம். போவன்.