துணிக்கிளிப்புக்குக் காப்புரிமை

1998 ஜூலை 21

விவேக் நகரிலிருந்து பீன்யா தொழிற்பேட்டைக்கு இரண்டு பஸ். இரண்டிலும் நின்றுகொண்டே வந்தேன். பன்னிரண்டு வருடமாக இப்படித்தான்.

விதைக்கும் இயந்திரத்துக்கு எங்கள் கம்பெனி ஒரு பெட்டி செய்கிறது. விதை இறங்கும் குழாயில் ஒரு பக்கம் சின்ன விளக்கு, எதிர்ப்பக்கம் அதைப் பார்க்கும் கண். விதை விழும்போதெல்லாம் வெளிச்சம் மறையும். குழாய் அடைத்துக்கொண்டு விதை நின்றுபோனால், டிராக்டர் ஓட்டுகிறவர் காதில் பெட்டி 'பீப் பீப்' என்று கத்தும். பெட்டிகளைக் கத்த வைத்துப் பார்ப்பது என் வேலை. இன்று நாற்பது பெட்டி.

முதலாளி வெங்கடராமன் சார் புதுப் பலகை ஒன்று எழுதி வாங்கி வந்திருந்தார்: 'ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுத் துறை'. எந்த ரூமுக்கு மாட்டுவது என்று ஸ்டோர் சீனு கேட்டார். அப்படி ஒரு ரூம் இல்லை. ஸ்டோர் கதவிலேயே மாட்டியாயிற்று.

1998 ஆகஸ்ட் 2, ஞாயிறு

அம்மாவுக்கு டைபாய்டு. நர்சிங் ஹோமில் குளுக்கோஸ் ஏறுகிறது. அங்கே நர்ஸ் யூனிஸ், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். "பாட்டில் முடியறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடுடி. விட்டுட்டா ரத்தம் டியூப்ல ஏறிடும். பதினெட்டு பெட்டுக்கு நான் ஒருத்தி" என்றாள்.

மத்தியானம் ஜெபமாலை சொல்லிக்கொண்டே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தால் பாட்டில் காலி, டியூபில் சிவப்பு. கத்திவிட்டேன். யூனிஸ் ஓடி வந்து சரி செய்தாள். அம்மாவுக்கு ஒன்றுமில்லை. சாயங்காலம் வரை பாட்டிலை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை.

விதை நின்றால் கத்துவதற்கு ஒரு பெட்டி இருக்கிறது. குளுக்கோஸ் நின்றால் கத்துவதற்கு நான்தானா?

1998 ஆகஸ்ட் 9

கழித்துப் போட்ட விதை சென்சார் ஒன்றை சீனுவிடம் கேட்டு வாங்கி வந்தேன். யூனிஸிடம் வாங்கிய காலி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வீட்டில் தொங்கவிட்டேன். பாட்டிலுக்குக் கீழே துளித் துளியாக விழுமே, அந்தச் சின்னக் குப்பியின் இரு பக்கமும் பொருத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. விதை வெளிச்சத்தை மறைக்கும். தண்ணீர் எதை மறைக்கும்?

1998 ஆகஸ்ட் 16

நடந்துவிட்டது! கண்ணை நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் சாய்த்து வைத்தேன். துளி விழும்போது வெளிச்சம் வளைந்து வந்து கண்ணில் படுகிறது. பத்து விநாடி துளி இல்லையென்றால் பெட்டி கத்துகிறது. எல்லாவற்றையும் குப்பியோடு சேர்த்துப் பிடிக்க, கொடியில் கிடந்த நீலத் துணிக்கிளிப். வீடு முழுக்க பீப் பீப்.

வீடு திரும்பிவிட்ட அம்மா கட்டிலிலிருந்தே சொன்னாள்: "அதை முதல்ல நிறுத்து. தலை வலிக்குது."

1998 ஆகஸ்ட் 24

முதலாளியிடம் காட்டினேன். உடனே மாப்பிள்ளை ரகுராமைக் கூப்பிட்டார். அமெரிக்காவிலிருந்து ஜூனில் வந்தவர். வந்த அன்றே வைஸ் பிரசிடென்ட். பார்த்துவிட்டு "வெரி இன்ட்ரஸ்டிங், பெர்னி" என்றார். பெர்னதெத் என்று முழுதாகச் சொல்ல அவருக்கு நேரமில்லை.

"வயலுக்கும் ஆகும், வார்டுக்கும் ஆகும்!" என்று முதலாளி மூன்று முறை சொன்னார். காப்புரிமை வாங்கப் போகிறாராம். இதற்கென்றே இருக்கும் ஏஜென்ட் பாலசுப்ரமணியனிடம் சென்னைக்கு போன் போட்டார். விண்ணப்பம் போடும்வரை வெளியாள் யாருக்கும் காட்டக் கூடாதாம். கண்டுபிடித்தவர் பெயரை விண்ணப்பத்தில் எழுத வேண்டுமாம்.

அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. உரிமை கம்பெனிக்கே இருக்கட்டும். பெயர் எனக்கு வேண்டும். அப்பா முப்பது வருடம் மில்லில் உழைத்தார். அங்கே அவர் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. எனக்கு அப்படி வேண்டாம். எனக்கு இது வேண்டும், ரொம்ப வேண்டும்.

1998 செப்டம்பர் 11

காகிதங்கள் தயார். படங்கள் எல்லாம் நான் வரைந்தவை. என் துணிக்கிளிப்பை 'சுருள்வில்லால் இயங்கும் இருதாடைப் பற்றுறுப்பு' என்று எழுதியிருக்கிறார்கள். துணி காயப்போடும்போது இனி மரியாதையாகத் தொட வேண்டும்.

ஆனால் அனுப்பவில்லை. மகாளய பட்சமாம். "பித்ருக்கள் நாள்ல புதுக் காரியம் ஆரம்பிப்பாளா?" என்றார் முதலாளி. சரி, நவராத்திரியில்? "ஆயுத பூஜை வரதே. பூஜை போடாத மெஷினுக்குப் பேப்பர் அனுப்பறதாவது!"

ஏஜென்ட் போனில் கெஞ்சியது ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. "சார், முதல்ல ஃபைல் பண்ணிடுங்கோ, அப்புறம் எத்தனை பூஜை வேணும்னாலும் பண்ணுங்கோ. அங்க தேதியைத்தான் பார்ப்பா, நட்சத்திரத்தைப் பார்க்கமாட்டா."

முதலாளி போனை வைத்துவிட்டு, "மெட்ராஸ்காரன், அவசரக்காரன்" என்றார்.

1998 செப்டம்பர் 30

ஆயுத பூஜை. லேத், டிரில், ஜெனரேட்டர், வாசலில் முதலாளி கார் — எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. வருடம் முழுக்க பூட்டிக் கிடக்கும் கேட் இன்று எல்லோருக்கும் திறந்திருக்கும். டீலர்கள், பக்கத்துக் கம்பெனிக்காரர்கள், எங்கள் வீட்டு ஆட்கள் என்று இருநூறு பேராவது இருப்பார்கள்.

நடுவில் ஒரு மேஜை. அதில் குளுக்கோஸ் பாட்டிலும் என் கருவியும். விண்ணப்பத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள். முதலாளி மைக்கைப் பிடித்து, "இது நம்ம பெர்னதெத் செஞ்சது!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். பாட்டிலை நிறுத்தி நிறுத்திக் கத்த வைத்துக் காட்டினேன். அழுகை வந்துவிட்டது.

அடுத்த ரோட்டுக் கம்பெனி பிரகாஷ் இரண்டாவது பொரிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு மேஜைக்கு வந்தார். அவரும் விதைப் பெட்டிதான் செய்கிறார். "சூப்பர் மேடம். கண்ணை எவ்ளோ சாய்ச்சு வச்சீங்க?" எவ்வளவு என்று சொன்னேன். பென்சிலால் வரைந்தும் காட்டினேன். கேட்டாரே என்ற சந்தோஷம் எனக்கு.

1998 அக்டோபர் 5

விண்ணப்பம் இன்று சென்னையில் தாக்கலானது. மஞ்சளோடு.

1998 நவம்பர் 19

தொழிற்பேட்டைச் சங்கத்தின் மாத இதழில் பூஜை போட்டோ. நான், பாட்டில், கருவி, பாதி தெரியும் பூசணிக்காய். மூலையில் கேமரா போட்ட தேதி. கீழே: 'பெர்னதெத் உருவாக்கிய மருத்துவக் கருவி'. முதலாளி ஐம்பது பிரதி வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். அம்மாவிடம் ஒன்று கொடுத்தேன். "கண்ணை மூடிக்கிட்டிருக்கியே" என்றாள்.

2001 மார்ச் 12

விண்ணப்பத்தை ஏற்று அரசிதழில் போட்டுவிட்டார்கள். நான்கு மாதத்துக்குள் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் காப்புரிமை. கம்பெனியில் மைசூர்பாகு.

வரவேற்பறையில் புது பித்தளைப் பலகை. கண்டுபிடிப்பாளர்கள்: திரு. வெங்கடராமன், திரு. ரகுராம்.

மறுபடி படித்தேன். பின்பக்கத்தைக்கூடத் திருப்பிப் பார்த்தேன்.

ரகுராமிடம் போய்க் கேட்டேன். விண்ணப்பத்திலும் அதே இரண்டு பெயர்தானாம். "அது ஒரு ஃபார்மாலிட்டி, பெர்னி. விஷன் யாரோடதுன்னு பார்க்கணும் இல்லையா?" முதலாளி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கம்பெனி சென்சார், கம்பெனி சம்பளம். உன்னோடது என்னம்மா அதுல?"

"கிளிப்பு சார்" என்றேன். சே! யாராவது கேட்டா சொல்லணும்னு மூன்று வருஷமா கண்ணாடி முன்னாடி நின்னு எவ்வளவு பேச்சு பேசிப் பார்த்திருக்கேன். கேட்கிற நேரத்துல வந்தது கிளிப்பு!

2001 மார்ச் 13

லீவு. தலைவலி என்று எழுதிக் கொடுத்தேன்.

2001 ஜூலை 6

பிரகாஷ் ஆட்சேபம் போட்டிருக்கிறார். விண்ணப்பத்துக்கு முன்பே இந்தக் கருவியை ஊருக்கே காட்டிவிட்டார்கள், அதனால் இது புதிதல்ல என்கிறார். சாட்சி? சங்கத்து மாத இதழில் வந்த போட்டோ, மூலையில் தேதியோடு. முதலாளியே அவருக்குக் கொடுத்த பிரதி.

முதலாளி அறைக்கு வெளியே வரை கேட்டது: "கை நிறையப் பொரி குடுத்தேனேடா அவனுக்கு!" பிறகு ஸ்பீக்கரில் ஏஜென்டின் குரல். "அன்னிக்கே சொன்னேனே சார்."

2001 ஆகஸ்ட் 2

முதலாளி என்னை உட்காரச் சொன்னார். பதினைந்து வருடத்தில் முதல் தடவை. காபியும் வந்தது.

நான் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதித் தர வேண்டும். போட்டோவில் இருப்பது வெறும் விதை சென்சார், பாட்டில் அலங்காரத்துக்கு வைத்தது, துளியைப் பிடிக்கும் கருவி அன்றைக்கு உருவாகவே இல்லை — இவ்வளவுதான். எழுதித் தந்தால், திருத்தம் போட்டு என்னையும் கண்டுபிடிப்பாளராகச் சேர்த்துவிடுவாராம். மூன்றாவது பெயர்.

"உனக்கு வேண்டியது அதுதானேம்மா?"

அதுதான்.

பஸ்ஸில் வரும்போதுதான் முழுதாகப் புரிந்தது. நான் கண்டுபிடித்தேன் என்று எழுதுவார்கள். அதற்கு நான் அன்று கண்டுபிடிக்கவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். உண்மையைச் சொன்னால் காப்புரிமையே போய்விடும், அதோடு பெயரும். இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது?

2001 ஆகஸ்ட் 5

ஞாயிறு பூசை முடிந்து குழந்தை யேசு கோயில் வாசலுக்கு வந்தால், மெழுகுவர்த்திக் கடை பக்கத்தில் பிரகாஷ். நெற்றியில் விபூதியோடு. "சும்மா இந்தப் பக்கம் வந்தேன் மேடம்."

அவருக்கும் ஒரு பிரமாணப் பத்திரம் வேண்டும். பூஜையில் கருவியைக் காட்டினேன் என்று எழுத வேண்டும், அது நிஜம். அதோடு, அதே மாதிரி ஒன்றை அவருடைய கம்பெனியில் அதற்கு முன்பே பார்த்தேன் என்றும் எழுத வேண்டும். "ஒரு வரி, அஷ்டே, அவ்வளவுதான் மேடம். நம்ம கம்பெனிக்கு வந்துடுங்க. சூப்பர்வைசர் போஸ்ட்."

வாசலில் நின்றுகொண்டு பொய் சத்தியம் கேட்கிறார். உள்ளே போய் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டுக் கேட்டிருக்கலாம்.

2001 ஆகஸ்ட் 11

ஒரு வாரமாக அந்த மூன்றாவது பெயரை நினைத்துக்கொண்டே இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன் என்று பெரிய தைரியமெல்லாம் எனக்கு இல்லை. ஆசையாகத்தான் இருந்தது. கையெழுத்துகூடப் போட்டுப் பார்த்தேன், பழைய காலண்டர் தாளில்.

ஆனால் எழுத உட்கார்ந்தால் 'அன்று கருவி உருவாகவில்லை' என்ற வரி வர மாட்டேன் என்கிறது. உருவாகாமல்தான் வீடு முழுக்கக் கத்தியதா? அம்மாவின் டியூபில் ஏறிய ரத்தம் அலங்காரத்துக்கா?

அல்சூரில் நோட்டரியிடம் போனேன். ஒரே பிரமாணப் பத்திரம், இரண்டு நகல். இந்தக் கருவியை நான் 1998 ஆகஸ்டில் என் வீட்டில் செய்தேன். ஆயுத பூஜையன்று இருநூறு பேருக்குக் காட்டினேன். பிரகாஷ் கம்பெனியில் இப்படி எதையும் நான் பார்த்ததில்லை. சாய்வு எவ்வளவு என்று அவர்தான் என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

"இது யார் பக்கம்மா?" என்றார் நோட்டரி.

முதலாளிக்கு ஒன்று, பிரகாஷுக்கு ஒன்று. இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை. பிரகாஷ் மட்டும், பூஜையில் காட்டினேன் என்ற வரிக்காகக் கடைசி இரண்டு வரியையும் பொறுத்துக்கொண்டு தாக்கல் செய்யப் போகிறாராம்.

2001 ஆகஸ்ட் 20

வேலையை விட்டு எடுக்கவில்லை. ஆராய்ச்சித் துறைக்கு மாற்றியிருக்கிறார்கள். அதாவது ஸ்டோருக்கு. சீனுவும் நானும் ஸ்க்ரூவை அளவு வாரியாகப் பிரிக்கிறோம்.

2002 பிப்ரவரி 4

ராஜினாமா கொடுத்தேன். யூனிஸ் இப்போது வேலை செய்யும் பெரிய ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பழுது பார்க்க ஆள் கேட்டார்களாம். கேட்டில் வாட்ச்மேன், "ஊட்டா ஆய்த்தா மேடம்?" என்றார், சாப்பாடு ஆச்சா என்று தினமும் கேட்பது போலவே. இன்றுதான் நின்று பதில் சொன்னேன்.

2003 செப்டம்பர் 17

காப்புரிமை அலுவலகத்தின் உத்தரவு வந்துவிட்டது. ஏஜென்ட் பாலசுப்ரமணியனே எனக்கு ஒரு நகல் தபாலில் அனுப்பியிருக்கிறார். தோற்றுப்போன கட்சியின் ஏஜென்ட் எனக்கு எதற்கு அனுப்பினார் என்று தெரியவில்லை. பதினான்காம் பத்திக்குப் பக்கத்தில் பென்சில் கோடு இருந்தது.

'மேற்படி கருவியைச் செய்தவர் பெர்னதெத் என்பதும், விண்ணப்பத் தேதிக்கு முன்பே அவர் அதைப் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டினார் என்பதும் நிரூபணமாகின்றன.' அதற்கடுத்த பத்தியில், ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

நான் செய்தேன் என்று அரசாங்கம் முத்திரை குத்திச் சொல்லிவிட்டது. அதனாலேயே அது யாருக்கும் சொந்தமில்லை என்றும் சொல்லிவிட்டது. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஜெயிச்சியா, தோத்தியா?" என்றாள். எனக்கே தெரியாததை அவளுக்கு எப்படிச் சொல்வது? சிரித்தேன், பிறகு கொஞ்சம் அழுதேன்.

2004 மே 8

பீன்யாவில் இப்போது நான்கு பேர் இந்தக் கருவியைச் செய்கிறார்கள். பிரகாஷ் ஒருவர். வெங்கடராமன் சாரும் ஒருவர். ரகுராம் அமெரிக்காவுக்கே போய்விட்டாராம்.

2006 ஜனவரி 23

மூன்றாம் மாடி வார்டிலிருந்து புகார். துளிக் கருவிகள் தொல்லை தருகின்றன, வந்து பார்க்கவும். ஆஸ்பத்திரி போன மாதம் இருபது வாங்கிப் போட்டிருக்கிறது.

போனால், புதிதாக வந்த நர்ஸ் பொண்ணு காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். மூன்று கட்டிலில் ஒரே சமயத்தில் பீப் பீப். ஓடி ஓடி மூன்று பாட்டிலையும் மாற்றினாள். ஒரு டியூபிலும் ரத்தம் ஏறவில்லை. கட்டில் பக்கத்து ஸ்டூலில், நோயாளிக்குத் துணைக்கு வந்த ஒரு அம்மாள் வாயைத் திறந்துகொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்சானோ இந்தச் சனியனை! உக்கார விடுதா பாருங்க மேடம்."

"நான்தான்மா" என்றேன்.

"ஐயோ, சும்மா இருங்க மேடம்" என்று சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினாள். அங்கே நான்காவது கத்த ஆரம்பித்திருந்தது.

இருபதையும் கழற்றிச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன். ரொம்பக் குறைக்கவில்லை.